ஏழெழுத்து ஊர்ப்பெயரும் ஓர் இணையப் பக்கமும்

தமிழில் இணையப் பக்கம் அமைக்க விரும்புவோர் முதலில் எந்த மென்பொருளைக் கற்க வேண்டும் என்று கேட்பதே வழக்கம். ஆனால் ஒரு பக்கம் நீடித்துப் பயன்படுவதும் பாழாய்ப்போவதும் மென்பொருளைவிட, அதில் இடப்படும் எழுத்து எந்த முறையில் பதிவாகியிருக்கிறது என்பதையே பெரிதும் சார்ந்திருப்பதால், இவ்வத்தியாயம் எழுத்தில் தொடங்கிப் பக்கத்துக்கு வருகிறது. மென்பொருள்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை வழக்கொழிகின்றன. முறையாகப் பதிவான எழுத்தோ அவற்றுக்குப் பின்வரும் மென்பொருளிலும் திறக்கிறது.

எடுத்துக்காட்டுக்குக் கொள்ளப்படுவது திருநெல்வேலி மாநகராட்சியின் மண்டலங்களுள் ஒன்றான மேலப்பாளையம். கைத்தறி நெசவுக்கும் பீடி சுற்றும் தொழிலுக்கும் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் மாட்டுச் சந்தைக்கும் பெயர்பெற்ற இவ்வூரின் கொட்டிகுளம் பஜாரில் ஒரு துணிக்கடை இருப்பதாகவும், விலாசம், திறந்திருக்கும் நேரம், சரக்கு விவரம், வாட்ஸ்அப் எண் ஆகியவை அடங்கிய ஒரே ஒரு பக்கம் அக்கடைக்குத் தேவைப்படுவதாகவும் வைத்துக்கொள்ளலாம். பெரிய தளங்களில் நேரும் சிக்கல்களில் முக்கால்வாசி அந்த ஒரு பக்கத்துக்குள்ளேயே எதிர்ப்பட்டுவிடும்.

ஊர்ப்பெயரின் எடை

மேலப்பாளையம் என்னும் சொல் கண்ணுக்கு ஏழெழுத்து: மே, ல, ப், பா, ளை, ய, ம். கணினியிடம் எண்ணச் சொன்னால் அது 12 என்று விடை தரும். காரணம், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு என்னும் பொதுக் குறியாக்கம், அகரமேறிய மெய்க்கு ஓர் எண்ணும், உயிர்க்குறிக்கு ஓர் எண்ணும், புள்ளிக்கு ஓர் எண்ணும் கொடுத்திருப்பதுதான். ‘மே’ என்பது மகரத்தின் எண்ணும் ஏகாரக் கொம்பின் எண்ணும் சேர்ந்தது. ‘ப்’ என்பது பகரத்தின் எண்ணும் புள்ளியின் எண்ணும் சேர்ந்தது. இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் அரசுத் தரத்தைப் பின்பற்றி, 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. உயிர்மெய் ஒவ்வொன்றும் தனியெழுத்து என்னும் தமிழ் இலக்கண நோக்குக்கு இது ஒவ்வாதது என்ற குறை தமிழறிந்த கணினி வல்லுநரிடையே நெடுங்காலமாக உண்டு. அக்குறையைத் தீர்க்க, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஓர் எண் வழங்கும் டேஸ்-16 என்னும் மாற்று முறை முன்வைக்கப்பட்டு, 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரங்களாக ஏற்று ஆணையிட்டது. குறையில் நியாயம் இருக்கிறது என்றாலும், உலாவிகளும் கைபேசிகளும் தேடுபொறிகளும் யூனிகோடையே பேசுவதால், இணையப் பக்கம் அமைப்பவர்க்கு இவ்விவாதம் முடிந்துபோன ஒன்றே.

எண் கொடுப்பது ஒரு வேலை. அவ்வெண்ணைக் கோப்பில் பைட்டுகளாக எழுதிவைப்பது வேறொரு வேலை. இரண்டாவதற்கு இன்று எங்கும் வழங்குவது யுடிஎஃப்-8. 1992 செப்டம்பரில் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் இரவுணவுக்கு அமர்ந்திருந்தபோது, தட்டின் அடியில் விரித்திருந்த தாளில் கென் தாம்சன் ராப் பைக்கின் முன்னிலையில் இதன் அமைப்பைக் கிறுக்கிக் காட்டினார் என்பது பைக்கே பதிவுசெய்துள்ள செய்தி. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டில் அடங்க, தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் இதில் மூன்று பைட் பிடிக்கும். எனவே ஏழெழுத்து ஊர்ப்பெயர் 12 குறியெண்ணாகி 36 பைட்டாகிறது.

இக்கணக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. படிவம் ஒன்றில் ஊர்ப்பெயருக்குப் ‘பத்தெழுத்து வரை’ என்று வரம்பு வைத்தால், ஏழெழுத்துப் பெயராகிய மேலப்பாளையம் அதில் நுழையாது. ஜாவாஸ்கிரிப்ட் என்னும் உலாவி நிரல்மொழியின் நீளக் கணக்கும் 12 என்றே சொல்லும். குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலம் 160 எழுத்து கொள்ளும் இடத்தில் யூனிகோடு தமிழ் 70 குறியெண்ணே கொள்ளும் என்பதால், கடையின் தள்ளுபடி அறிவிப்பில் ஊர்ப்பெயரை ஒருமுறை குறிப்பிட்டாலே ஆறிலொரு பங்கு போய்விடுகிறது. கோப்புக்குத் தமிழிலேயே பெயரிட்டு அதை இணைய முகவரியாகப் பகிர்ந்தால், முகவரிக்குள் தமிழ் பைட் ஒவ்வொன்றும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்தெண்ணுமாக மாறி, 36 பைட் 108 எழுத்தாக நீண்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பெறுபவர் மோசடி இணைப்போ என்று அஞ்சும் தோற்றத்தைப் பெறுகிறது. பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதும் தமிழாக இருக்கட்டும். கோப்பின் பெயர் மட்டும் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இன்றி இருப்பதே நலம்.

விசையின் வழி

தட்டெழுதும் முறைகளுள், 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, இடப்புறம் உயிரும் வலப்புறம் மெய்யுமாக அமைந்தது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெறும் என்பதும், மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அவ்வாறே நிகழும் என்பதும் இதன் சிறப்பு. ம, ஏ, ல, ப, ப, ஆ, ள, ஐ, ய, ம, புள்ளி எனப் பதினொரு தட்டில் ஊர்ப்பெயர் முடிகிறது. ஆங்கில எழுத்தின் ஒலியைக் கொண்டு எழுதும் முறையில் இதே சொல்லுக்கு 13 எழுத்தும், நெடிலுக்காகவும் ளகரத்துக்காகவும் மூன்று முறை ஷிஃப்ட் விசையும் வேண்டியிருக்கும். நாளொன்றுக்கு இரண்டு வரி எழுதுபவர்க்கு இவ்வேறுபாடு பொருட்டில்லை. சரக்குப் பட்டியல் முழுவதையும் உள்ளிடுபவர் தமிழ்99க்கு ஒரு வாரம் ஒதுக்கினால் அவ்வுழைப்பு வீண்போகாது. விண்டோஸில் என்ஹெச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி ஆகியவை பல்லாண்டுகளாகப் புழங்கிவருகின்றன. கைபேசியில் முத்து நெடுமாறனின் செல்லினமும் கூகுளின் ஜிபோர்டும் போதுமானவை. எந்த மென்பொருளாயினும், வெளியீடு யூனிகோடுதானா என்று அதன் அமைப்புப் பகுதியில் ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம். சில பழைய மென்பொருள்களில் பாமினி, டிஸ்கி, டாப் என்னும் பழைய குறியாக்கங்களும் அதே பட்டியலில் இருக்கும்.

எழுத்து சிதைந்தால்

தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்து பார்க்கையில் தமிழுக்குப் பதிலாக வேறேதோ தெரிந்தால், பெரும்பாலோர் கோப்பே கெட்டுவிட்டதென்று முடிவுகட்டி மறுபடியும் தட்டச்சு செய்யத் தொடங்குகின்றனர். நாடி பிடித்துப் பார்ப்பதுபோல, தெரியும் குப்பையின் வகையைக் கொண்டே நோயைக் கண்டுகொள்ளலாம் என்பதும், பெரும்பாலான நோய்கள் தீர்பவை என்பதும் இங்குச் சற்று விரிவாகச் சொல்லத் தக்கவை.

தலைமேல் சாய்கோடிட்ட சிறிய ஆங்கில ‘ஏ’ எழுத்தும், அதையடுத்து வணிகப் பதிவைக் குறிக்கும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் திரும்பத் திரும்ப வந்தால், அது பழுதற்ற யுடிஎஃப்-8 தமிழ். வாசிக்கும் மென்பொருள்தான் அதை மேலைநாட்டு எழுத்து முறையாகத் தவறாக எண்ணிவிட்டது. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றின் முதல் பைட்டும் ஒன்றே என்பதாலும், இரண்டாவது பைட் இரண்டில் ஒன்றாகவே இருக்கும் என்பதாலும், அதே இணை வரிதோறும் கண்ணில் படுகிறது. மகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அதன் மூன்று பைட்டுகளில் பின்னிரண்டும் ஒரே மதிப்புடையவை. ஆகவே சாய்கோட்டு ஏகாரத்தின் பின் வட்ட ‘ஆர்’ இரட்டையாக நின்றால் அங்கே இருந்தது ‘ம’ என்று சொல்லிவிடலாம். மேலப்பாளையத்தில் அது தொடக்கத்திலும் கடைசிக்குச் சற்று முன்னும் தோன்றும். காற்புள்ளியால் பிரித்த பட்டியல் கோப்பை, அதாவது சிஎஸ்வி கோப்பை, எக்செலில் நேராக இருமுறை சொடுக்கித் திறக்கும்போது இது அடிக்கடி நேர்கிறது. தரவு என்னும் பட்டியின் வழியே கோப்பை உள்ளெடுத்து, குறியாக்கத்தைக் கேட்கும் இடத்தில் 65001 என்னும் யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தால் தமிழ் அப்படியே திரும்பிவிடும். சிதைந்த தோற்றத்தோடு சேமித்துவிடாமல் இருப்பதுதான் இங்குச் செய்ய வேண்டிய ஒரே எச்சரிக்கை.

பொருளற்ற ஆங்கில எழுத்துகள் அரைப்புள்ளிகளுடன் கலந்து தெரிந்தால், அது பழைய எழுத்துரு முறை. இம்முறையில் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கும். எழுத்துரு, அதாவது எழுத்துகளின் வடிவங்களை வரைந்து அடக்கிய கோப்பு, கணினியில் இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் ஆங்கிலக் கூளம். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே பதிவாகிறது. இது குறியாக்கப் பிழை அன்று. அன்றைய கணினிகளில் தமிழுக்கு இடமில்லாத நிலையில், கிடைத்த இடத்தில் குடியேறிய சாமர்த்தியம். நோய் என்று இதைச் சொல்வதுகூட முழு நியாயம் ஆகாது.

வினாக்குறிகளே வரிசையாகத் தெரிந்தால் செய்தி வருந்தத்தக்கது. தமிழை அறியாத ஏதோ ஒரு மென்பொருள் தனக்குப் புரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு வினாக்குறியைப் போட்டுச் சேமித்துவிட்டது, மூலம் அழிந்துபோயிற்று, பழைய நகலைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. வெற்றுக் கட்டங்கள் தெரிந்தாலோ கவலை வேண்டியதில்லை. எழுத்து இருக்கிறது, வடிவம் மட்டும் அக்கருவியில் இல்லை. கொம்போ காலோ புள்ளிகளாலான வட்டமொன்றைத் தொற்றிக்கொண்டு நின்றால், உயிர்க்குறி மெய்க்கு முன்பே தட்டப்பட்டிருக்கிறது. தட்டச்சுப் பொறியில் பழகிய கை, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் முதலில் ஏகாரக் கொம்பையும் பிறகு மகரத்தையும் அடிக்கும். யூனிகோடோ ஒலியின் வரிசைப்படி மெய்யை முதலிலும் குறியைப் பின்னரும் எதிர்பார்க்கிறது.

அச்சகத்திலிருந்து வரும் கோப்புகள்

கடைக்கு ஏற்கெனவே அடித்த துண்டறிக்கை, விலைப்பட்டியல், திறப்புவிழா அழைப்பிதழ் ஆகியவை டிடிபி நிலையத்தில் கிடைக்கும் என்பதால், பக்கம் அமைப்பவர் அவற்றையே மூலமாகக் கொள்ள விரும்புவது இயல்பு. அவை பெரும்பாலும் பேஜ்மேக்கரில் பழைய எழுத்துருவில் அமைந்தவையாக இருக்கும். அம்மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். யூனிகோடு தமிழை அது கையாளாது. அச்சுக்கு அதுவே போதும் என்பதால் அச்சகத்தார் அதை விடவுமில்லை. அவர்களைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை, ஏனெனில் தாளில் விழுந்த எழுத்துக்குக் குறியாக்கம் கிடையாது.

இத்தகைய கோப்பின் எழுத்தை நகலெடுத்து, என்ஹெச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் இட்டு, எந்த எழுத்துரு என்பதைச் சரியாகத் தேர்ந்தால் யூனிகோடு கிடைத்துவிடும். எழுத்துருவின் பெயர் தெரியாதபோது ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதே வழி. மாற்றியபின் சரிபார்க்க வேண்டிய இடங்கள் குறிப்பிட்ட சிலவே: காலும் ரகரமும் ஒன்றின் இடத்தில் ஒன்று வந்திருக்கும், ஔகாரக் குறியின் இடத்தில் ளகரம் நின்றிருக்கும், தொகை எண்களுக்கு இடையிலிருந்த காற்புள்ளி வேறு எழுத்தாகியிருக்கும். விலைப்பட்டியலில் மூன்றாவது பிழை கடைக்காரரின் கைக்காசைத் தொடுவதால், எண்களை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டு ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் பார்ப்பது நல்லது.

கோப்பு தொலைந்து தாள் மட்டும் எஞ்சியிருந்தால், படத்திலுள்ள எழுத்தை வாசித்துத் தரும் ஓசிஆர் என்னும் நுட்பத்தை நாடலாம். கட்டற்ற மென்பொருளான டெஸரேக்ட் தமிழையும் வாசிக்கும், கூகுள் டிரைவும் வாசிக்கும். இரண்டும் அலங்கார எழுத்துகளில் தடுமாறும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, துண்டறிக்கையையே படமாக ஏற்றிவிடலாமே என்னும் எண்ணம் எல்லார்க்கும் வரும். ஃப்ளெக்ஸ் பலகைக்கு வடிவமைத்த படத்தையே பக்கமாக்கிய தளங்கள் ஏராளம். படமாக ஏற்றிய எழுத்து எழுத்தே அன்று. அதைத் தேடுபொறி நம்பத்தக்க அளவில் வாசிக்காது. வாடிக்கையாளர் அதிலிருந்து தொலைபேசி எண்ணை நகலெடுக்க முடியாது. விலை மாறினால் வடிவமைத்தவரிடமே மறுபடி போய் நிற்க வேண்டும்.

பக்கத்தின் கட்டுமானம்

ஹெச்டிஎம்எல் என்பது பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது இணைப்பு என்று குறித்துக்காட்டும் அடையாள மொழி. அதை எழுத நோட்பேட்++, விஎஸ் கோட் போன்ற, அலங்காரமின்றி வெற்றெழுத்தை மட்டும் சேமிக்கும் உரைத்தொகுப்பி ஒன்று போதும். வேர்டில் எழுதிச் சேமிப்பது கூடாது. அது எழுத்தோடு தன் சரக்கையும் சேர்த்து மூட்டை கட்டிவிடும். 2013இல் வெளிவந்த ரியாக்ட் முதலிய பெருங்கட்டமைப்புகள் நொடிக்கு நொடி மாறும் பெரிய தளங்களின் தேவைக்கு உருவானவை. துணிக்கடையின் ஒரு பக்கத்துக்கு அவற்றைக் கொண்டுவருவது தேங்காய் உடைக்கப் பொக்லைனை வாடகைக்கு எடுப்பது போன்றது.

பக்கத்தின் தலைப்பகுதியில் மூன்று அறிவிப்புகள் தவறாமல் இடம்பெற வேண்டும். ஒன்று, கோப்பின் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்பது. இதை விட்டுவிட்டால் முற்கூறிய சாய்கோட்டு ஏகாரங்கள் உலாவியிலும் தோன்றக்கூடும். அடுத்தது, பக்கத்தின் அகலம் கைபேசித் திரையின் அகலமே என்பது. இது இல்லாவிட்டால் கைபேசி உலாவி பக்கத்தைச் சுமார் 980 புள்ளி அகலமுள்ள மேசைத்திரைக்கு உரியதாக எண்ணிச் சுருக்கிக் காட்ட, வாடிக்கையாளர் விரலால் இழுத்து இழுத்துப் படிக்க நேரும்.

மூன்றாவது அறிவிப்பு, பக்கத்தின் மொழி தமிழ் என்று இரண்டெழுத்துக் குறியால் சொல்வது. பெரும்பாலோர் விட்டுவிடுவது இதுவே, ஏனெனில் விட்டாலும் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. வேறுபாடு காதுக்குத் தெரியும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பி மென்பொருள், எழுத்தை எந்த மொழியின் குரலில் ஒலிப்பது என்பதை இக்குறியைக் கொண்டே முடிவுசெய்கிறது; குறி ஆங்கிலம் என்றிருந்தால் தமிழ்ப் பத்தியை ஆங்கிலக் குரலிடம் கொடுத்துவிட்டு மௌனமாகவோ உளறியோ நிற்கும். பார்வையற்றோர்க்கான பள்ளி நெடுங்காலமாக இயங்கிவரும் பாளையங்கோட்டைக்கு அண்டையூரில் அமைக்கும் பக்கத்தில் இதை விடுவதற்குச் சாக்கு ஏதுமில்லை.

தோற்றத்தைப் பொறுத்தவரை தமிழுக்குச் சில தனித் தேவைகள் உண்டு. மேலே புள்ளியும் சுழியும் கீழே உகரக் குறியும் நீள்வதால், வரிக்கும் வரிக்கும் இடையில் ஆங்கிலத்துக்கு விடுவதைவிட அதிக இடம் விட வேண்டும். எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே வைத்தால் கண் உறுத்தாது. சாய்வெழுத்து தமிழ் மரபில் இல்லாத ஒன்று. அழுத்தம் தரத் தடித்த எழுத்தே பொருந்தும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை, கட்டமரன் முதலிய கட்டற்ற எழுத்துருக்கள் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் விலையின்றிக் கிடைக்கின்றன என்றாலும், இன்றைய கைபேசிகளில் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருப்பதால் உடல்பகுதிக்கு அதையே விட்டுவைத்துத் தலைப்புக்கு மட்டும் வேறொன்றைக் கொள்வது வாடிக்கையாளரின் டேட்டாவை மிச்சப்படுத்தும். ஒளிப்படங்களே உண்மையான சுமை. கைபேசியில் எடுத்த படம் மூன்று, நான்கு எம்பி இருக்கும். ஜிம்ப்பிலோ ஸ்குவூஷிலோ 1200 புள்ளி அகலத்துக்குக் குறைத்தால் பட்டுப்புடவையின் கரை தெளிவு குன்றாமல் பெரும்பாலும் அதில் பத்திலொரு பங்கில் அடங்கிவிடும்.

விலாசத்தில் ஊர்ப்பெயரோடு திருநெல்வேலி 627005 என்று முழுமையாக இருக்க வேண்டும், ஏனெனில் பாளையம் என்று முடியும் ஊர்கள் தமிழகத்தில் எண்ணிலடங்கா. ஆங்கிலத்தில் தேடுவோர் இவ்வூரை ஒரு ‘பி’ இட்டும் இரண்டு ‘பி’ இட்டும் எழுதுவதால், இரு வடிவத்தையும் பக்கத்தில் ஓரிடத்தில் தருவது பயன்படும். வாட்ஸ்அப் இணைப்பில் எண்ணின் முன் 91 சேர்த்து, கூட்டல் குறியோ சுழியமோ இடைவெளியோ இன்றிப் பன்னிரண்டு இலக்கமாக எழுத வேண்டும். வளைகுடாவிலிருந்து வீட்டாருக்குத் துணி எடுத்துத் தரச் சொல்லும் வாடிக்கையாளர்க்கு நாட்டு எண் இல்லாத இணைப்பு வேலை செய்யாது. அவர்களுக்காகவே நேரத்தை ‘இந்திய நேரம்’ என்று குறிப்பதும் நல்லது; துபாய் ஒன்றரை மணி நேரமும் சவூதி அரேபியா இரண்டரை மணி நேரமும் பின்தங்கியவை.

நேரப்பகுதி குறித்து ஒரு சொல். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை அடைக்கும் நேரம் ஆண்டு முழுவதும் ஒரே ஒழுங்கில் வருவது. அதை ஒருமுறை எழுதினால் போதும். ரமலான் நேரமோ ஆண்டுக்குச் சுமார் பதினொரு நாள் முன்னோக்கி நகர்வது. இஸ்லாமிய நாட்காட்டியைக் கணக்கிட்டுத் தரும் வசதி இன்றைய உலாவிகளிலேயே இருப்பதால் அதைக்கொண்டு தானாக மாறும்படி எழுதிவிடலாம் என்று நிரல் அறிந்தவர்க்குக் கை துறுதுறுக்கும். ஆனால் அது வாய்பாட்டுக் கணக்கு. ஊரில் மாதம் பிறப்பது பிறை தென்பட்டு, தலைமை காஜி அறிவித்த பின்னரே. இரண்டுக்கும் ஒரு நாள் வேறுபட்டால், பெருநாளன்று கடை திறந்திருப்பதாகப் பக்கம் அறிவித்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு வரியைக் கையால் மாற்றுவதே சரி. பிறைச் செய்தி வந்த இரவில் கைபேசியிலிருந்தே மாற்றத்தக்க எளிமையோடு பக்கம் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

வாடிக்கையாளர் பட்டியல்

பக்கம் அமைந்த சில மாதங்களில் பெயரும் எண்ணும் கொண்ட பட்டியல் ஒன்று சேர்ந்துவிடும். அதை விரிதாளில் அகரவரிசைப்படுத்தும்போது வியப்பு காத்திருக்கும். மொழியைக் கருதாமல் குறியெண் வரிசையிலேயே அடுக்கும் மென்பொருளில் ஃபாத்திமா முதலில் வந்து, அகமது அவருக்குப் பின்னே நிற்பார், ஏனெனில் யூனிகோடில் ஆய்த எழுத்து அகரத்துக்கு முன்னே வைக்கப்பட்டிருக்கிறது. கனி என்பவர் கபீருக்கு முன்னே வருவார். நகரத்தை அடுத்தே னகரத்துக்கு எண் கொடுத்துவிட்டதன் விளைவு அது. புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிற்பட்டது என்பதால் மனாஃப் முந்தி மன்சூர் பிந்துவார். சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையே ஜமால் நுழைந்துகொள்வார். மரபுப்படி கிரந்த எழுத்து னகரத்துக்கும் பின்னே வர வேண்டியது. இவை பிழையல்ல, மொழி சொல்லப்படாத வரிசை. லிப்ரே ஆபிஸ் கால்க்கில் வரிசைப்படுத்தும் பெட்டியின் விருப்பங்கள் பகுதியில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தால் அகராதி வரிசை கிடைக்கும்.

தேடுவதில் இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. கௌஸ் என்னும் பெயரைச் சிலர் ககரத்தோடு ஔகாரக் குறியிட்டும், சிலர் ‘கெ’ எழுதி அதையடுத்து ளகரத்தை இட்டும் உள்ளிடுவர்; திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே, கணினிக்கோ வேறு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. கவுஸ் என்று எழுதுபவரும் இருக்கிறார். கொட்டிகுளம் என்பதன் முதலெழுத்துக்கும் இரண்டு பதிவு உண்டு: ஒகரக் குறி ஒரே எண்ணாகவும் வரலாம், கொம்பும் காலும் தனித்தனி எண்ணாகவும் வரலாம். இவ்விரண்டும் சமமானவை என்று யூனிகோடே அறிவித்திருப்பதால், இயல்பாக்கம் என்னும் செயலால் ஒன்றாக்கிவிடலாம். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. கௌஸுக்கு அந்த உதவி இல்லை, ஏனெனில் ளகரம் உண்மையிலேயே வேறெழுத்து. முகமது, முகம்மது, முஹம்மது என ஒருவரே மூன்று வகையில் எழுதும் ஊரில், பெயரை அடையாளமாகக் கொள்ளாமல் கைபேசி எண்ணையே அடையாளமாகக் கொண்டு, பெயரை அவரவர் எழுதியவாறே விட்டுவைப்பது நடைமுறைக்கு உகந்தது, மரியாதையும்கூட.

எண்ணுக்கும் ஓர் ஆபத்து உண்டு. எக்செலின் பொது வடிவக் கட்டத்தில் பதினொரு இலக்கத்துக்கு மேற்பட்ட எண் அறிவியல் குறியீடாகச் சுருங்கித் தெரியும். 91 சேர்த்த கைபேசி எண் பன்னிரண்டு இலக்கம். அந்நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கிய வடிவமே கோப்பில் பதிந்து, கடைசி இலக்கங்கள் மீட்கவியலாமல் போய்விடும். எண்களை உள்ளிடும் முன்பே அந்த நெடுவரிசையை ‘உரை’ வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

ஏற்றும் இடமும் பெயரும்

நிரலேதும் ஓடாத நிலையான பக்கத்தை ஏற்றிவைக்க ஜிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ், நெட்லிஃபை ஆகியவை கட்டணமின்றி இடம் தருகின்றன. இவற்றுள் ஜிட்ஹப், விற்பனை நடத்தும் தளத்துக்குத் தன் இலவச இடத்தைப் பயன்படுத்தக் கூடாதென விதித்திருப்பதால் பணம் பெறும் வசதியைப் பின்னர் சேர்க்க எண்ணுபவர் வேறிடம் பார்ப்பது நல்லது. கணக்கு, வாடிக்கையாளர் தொடர்பு முதலியவற்றுக்குச் சந்தா மென்பொருளைக் கொள்ளும் காலமும் வரலாம். 2011இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்து, அங்கிருந்தே ஸோஹோ டெஸ்க் என்னும் வாடிக்கையாளர் சேவை மென்பொருளை உருவாக்கியதால், இத்தகைய கருவிகள் இப்பகுதியினர்க்கு எங்கோ தொலைவில் ஆகும் பொருளல்ல. எந்த நிறுவனத்துக் கருவியாயினும் சேரும் நாளன்றே பத்து மாதிரிப் பதிவுகளை இட்டு, அவற்றைச் சிஎஸ்வியாக வெளியே எடுத்து, தமிழ் சிதையாமல் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். உள்ளே விடும் வாசலை எல்லாரும் அகலமாகவே கட்டுகின்றனர்.

தளப்பெயரைப் பொறுத்தவரை ‘.இந்தியா’ என்று முடியும் தமிழ்ப் பெயரும் பதிவுசெய்யக் கிடைக்கிறது. பெருமைக்குரியதே என்றாலும், பின்னணியில் அது ஆங்கில எழுத்துகளாக மாற்றப்பட்டே இயங்குவதால் சில இடங்களில் பொருளற்ற எழுத்துக் கோவையாகத் தலைகாட்டும். மின்னஞ்சலிலும் எல்லா நிறுவனங்களும் அதை ஏற்பதில்லை. கடைப்பலகையில் எழுத ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்றை முதன்மையாகக் கொண்டு, தமிழ்ப் பெயரை அதற்குத் திருப்பிவிடுவது இப்போதைக்குத் தக்க ஏற்பாடு.

தளப்பெயர் யார் பெயரில், யாருடைய மின்னஞ்சலில் பதிவாகிறது என்பதில் கடைக்காரர் விழிப்பாக இருக்க வேண்டும். அமைத்துக் கொடுத்தவரின் மின்னஞ்சலில் பதிந்து, அவர் வேலை தேடி வெளியூர் போனபின் புதுப்பிப்பு நினைவூட்டல் அவருக்கே போய்ச் சேர்ந்து, தவணை தவறிப் பெயர் பறிபோவது வழக்கமான கதை. பதிவு கடைக்காரரின் பெயரிலும் அவர் நாள்தோறும் பார்க்கும் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். பக்கத்தின் கோப்புகளும் படங்களும் அடங்கிய கோப்புறையைப் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து, அதனுள் தளப்பெயர் பதிந்த இடம், புதுப்பிக்க வேண்டிய நாள், ஏற்றிவைத்த இடம் ஆகிய மூன்றையும் வெற்றெழுத்துக் கோப்பொன்றில் தமிழிலேயே எழுதி, யுடிஎஃப்-8ஆகச் சேமித்து, கடையின் கல்லாப்பெட்டியில் வைத்துவிடலாம்.